பெப்பரைக் கட்டிய முடிச்சு

லேண்டர், வயோமிங்
ஜூலை 23

அன்புள்ள தம்பி டென்னிக்கு,

'அன்புள்ள' என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், பிறகு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இங்கே ரஸ், ஜோசி, நான் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் உன் நாய் டீசலும் பில்லிங்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதே அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அக்கா கையெழுத்தைப் பார்த்ததும் இதையும் மூலையில் போட்டுவிடாதே. கடைசி வரை படி.

அம்மாவிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? 'கோரா அந்தக் கிழட்டு நாய மரத்துல கட்டிப்போட்டுட்டா, மூஸ் வந்து மிதிச்சிடுச்சு' என்றாயாம். மூஸ் மான் பஸ் பிடித்து வந்ததா, டென்னி? அம்மா எனக்குப் போன் போட்டு, 'ஏண்டி அப்படிப் பண்ணின, பாவம் அது வாயில்லாத ஜீவன்' என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் பாத்திரம் தேய்த்தேன். மறந்துவிட்டேன் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை நாம் மலையில் போய்க் கூடாரம் அடித்தபோதே ஆற்றுக்கு அக்கரையில் அந்தத் தாய் மூஸ் நின்றது. குதிரையைவிட உயரம், புதருக்கு மேலே முதுகு தெரிந்தது, குட்டி காலடியில் நின்றது. ரஸ் அப்போதே சொன்னார், 'குட்டியோட நிக்குது. நாயைப் பாத்தா ஓநாய்னுதான் நெனைக்கும். பெப்பர், டீசல் ரெண்டையும் கட்டியே வைப்போம், இல்லன்னா எடத்த மாத்துவோம்' என்று. நீ மடக்கு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு, 'ஒம்பதாயிரம் அடி ஏறி வந்தும் நாய்க்கு ஜெயிலா மச்சான்? அதுக்கு ஊர்லயே கெடந்திருக்கலாமே' என்றாய். நானும் சேர்ந்து சிரித்தேன். நாய்களைக் கட்டினோம், இடத்தை மாற்றவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மறுநாள் மதியம் வழக்கம்போல மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து நீ ஜோசிக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தாய். முயல் பொந்தை விட்டு வெளியே வருது, மரத்தைச் சுத்துது, திரும்பப் பொந்துக்குள்ளேயே போகுது என்று கயிற்று நுனியை முயலாக்கிக் காட்டினாய். நல்லது செய்ததை நான் மறைக்கமாட்டேன். நாற்பது தடவையாவது போட்டுப் பழகியிருப்பாள். 'இனிமே ஒரு குதிரை வந்து இழுத்தாலும் இது அவுராது, கண்ணு' என்று நீ அவள் முதுகில் தட்டினாய். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அன்றைக்குத் தரையில் கால் பாவவில்லை. மழை விட்டதும், 'பெப்பர இன்னிக்கு நானே கட்டுறேன்மா' என்று கேட்டு, கூடாரத்துக்குப் பக்கத்துப் பைன் மரத்தில் அவள்தான் கட்டினாள். பதினாலு வயதுக் கிழவி, ஒரு காது கேட்காது, பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டே நடக்கும். கட்டாவிட்டாலும் எங்கேயும் போகாது. சட்டம் என்றால் எல்லா நாய்க்கும் ஒரே சட்டம் என்று கட்டினோம்.

ஆறு மணி இருக்கும். நான் மேஜையில் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரஸ் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நீ டீசலின் கழுத்துப்பட்டையிலிருந்து கொக்கியைக் கழற்றினாய். 'கட்டுடா அத' என்றேன். 'அஞ்சு நிமிஷம்க்கா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடும்' என்றாய். உன் நாய்க்கு ஒண்ணுக்குப் போக அக்கரை வரை நீந்த வேண்டியிருந்தது.

குட்டி கத்தியது எனக்குக் கேட்டது, உனக்கும் கேட்டிருக்கும். துரத்தப்பட்ட நாய் எங்கே ஓடும்? எஜமானிடம்தான் ஓடிவரும். வந்தது. அதன் பின்னாலேயே ஆற்றைக் கலக்கிக்கொண்டு தாய் வந்தது. நீ வண்டியின் பின்புறம் தாவி ஏறினாய், டீசல் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. அதற்காக உன்னைத் திட்டமாட்டேன், உயிர் யாருக்கும் வெல்லம்தான். மரத்தடியில் பெப்பர் மட்டும் மிச்சம். அது எழுந்து நின்று, கயிறு எட்டின மட்டும் முன்னால் போய், இரண்டு வருஷமாக வெளியே வராத குரலில் குரைத்தது. அதற்குப் பிறகு நடந்ததை நீ மேலே நின்று பார்த்தாய், நான் எழுதப்போவதில்லை.

எல்லாம் முடிந்து மூஸ் குட்டியிடம் திரும்பிப் போன பிறகு, இறங்கி வந்து நீ சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'கட்டாம விட்டிருந்தா பொழச்சிருக்கும்ல.' ஜோசி வண்டிக் கதவருகே நின்றிருந்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டு, காலையில் நாங்கள் எழுவதற்குள் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாய். உன் காப்பிக் கெண்டி இங்கேதான் கிடக்கிறது.

இப்போது கேள். போன செவ்வாய்க்கிழமை ஜோசி பக்கத்து வீட்டு வேலிக்குள் புகுந்து அவர்கள் நாயை அவிழ்த்துவிட்டாள். அது நேராக ரோட்டுக்கு ஓடியது. ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தது. அந்த மனுஷன் இறங்கி வந்து கத்திவிட்டுப் போனார், அவர் கத்தியதில் தப்பில்லை. ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு என் பெண் சொல்கிறாள், 'கட்டிப்போட்டா செத்துடும்மா. மாமா சொன்னாரே. பெப்பர நான்தானே கட்டினேன்.' நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டோம். 'நீங்க எனக்காகச் சொல்றீங்க' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவளுக்கு நீ சொன்னதுதான் வேதம். முடிச்சும் நீ சொன்னது, சாவும் நீ சொன்னது. ஒரு குழந்தை தன் கையால் தன் நாயைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போகிறாள், டென்னி. நீ அங்கே உட்கார்ந்து அம்மாவிடம் என் மேல் பழி சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

ரஸ்ஸிடம்கூடச் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். மீன் அறுத்த கத்தி என் கையில்தான் இருந்தது. பெப்பரும் அதன் கயிறும் எனக்குப் பத்தடி, ஜோசி எதிர்ப்பக்கம் பத்தடி. நான் ஜோசியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் ஓடினேன். மறுபடி நடந்தாலும் அப்படித்தான் ஓடுவேன். ஆனால் வண்டிக்குள் உட்கார்ந்த பிறகும் கத்தி என் கையிலேயே இருந்தது. உன்னைத் திட்டும்போதெல்லாம் அந்தக் கத்தியும் ஞாபகம் வருகிறது. அதற்காக உன்னைத் திட்டுவதை நிறுத்தப்போவதில்லை. என் பங்கை நான் சுமக்கிறேன், உன் பங்கை ஒன்பது வயதுப் பிள்ளை சுமக்க வேண்டாம்.

உறைக்குள் ஒரு துண்டுக் கயிறு வைத்திருக்கிறேன். பெப்பரைப் புதைக்கும்போது ரஸ் மரத்தில் கிடந்த கயிற்றை அறுத்தார், முடிச்சு மட்டும் அப்படியே என் சட்டைப் பையில் வந்துவிட்டது. எடுத்துப் பார். அத்தனை இழுப்புக்கும் ஒரு இழை இளகவில்லை. நீ சொல்லிக்கொடுத்தது போலவே போட்டிருக்கிறாள். இதை நான் சொன்னால் எடுபடாது. சனிக்கிழமை நீயே இதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடு. முடிச்சும் சரி, கட்டினதும் சரி, டீசலை அவிழ்த்துவிட்டவன் நான்தான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அம்மாவிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம், அவசரமில்லை.

நாலு மணி நேர வழி, நிதானமாக ஓட்டி வா. உனக்கும் டீசலுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன், கோபம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வாசலில் வண்டி நின்றதும் டீசலைக் கயிற்றில் கட்டியே இறக்கு. அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் அக்கா,
கோரா