பதினாறு வாரம் பொறுத்தேன்

சிம்பாங் பூலாய்,
7.9.1987

அன்புள்ள கணவர் மத்தியாஸ் அவர்களுக்கு டோரிஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் நம் மகள் பிலோமினாவும் சுகம். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் உங்களுக்கும் ஒரு குறையும் வராதிருக்க வேண்டுகிறேன். உங்கள் மூன்று கடிதங்களும் வந்தன. பதில் போடாதது என் தப்புதான்.

நீங்கள் சொன்ன சோதனையை நான் செய்துகொள்ளவில்லை.

ஜூனில் பிள்ளை உண்டான செய்தியை அவசரத்தில் பாதிதான் எழுதினேன். பிலோமினா மூளை வளர்ச்சி குறைந்து பிறந்தவள், எனக்கும் முப்பத்தெட்டு ஆகிவிட்டது என்பதால் கோலாலம்பூர் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். பத்தாவது வாரமே கீழ்வழியாக மெல்லிய குழாய் விட்டு நஞ்சுக்கொடியில் துளி சதை எடுக்கலாம். முடிவு சீக்கிரம் தெரியும். ஆனால் அது புதுசு, நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குக் கலைந்துவிடுகிறதாம். இல்லையென்றால் பதினாறு வாரம் பொறுத்து, வயிற்றில் ஊசி குத்திப் பன்னீர்க்குடத்துத் தண்ணீர் எடுக்கலாம். ஆபத்து குறைவு, இருநூறில் ஒன்று. முடிவுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் பிள்ளை அசைய ஆரம்பித்துவிடும் என்றார்.

முதல் சோதனையே செய், பிலோமினா மாதிரி என்றால் வெளியே தெரியும் முன் முடித்துவிடலாம் என்று எழுதினீர்கள். அதை வாசித்தபோது அவள் என் மடியில் இருந்தாள்.

ஆகஸ்டில் ஊசி போட்டுக்கொண்டேன். எஸ்டேட்டிலிருந்து நம்மோடு வந்த வீரம்மா அக்காதான் துணை. "மூச்ச விடு டோரிஸ், நான் இருக்கேன்லா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் நீர் கசிந்தது. மூன்று நாள் அசையாமல் படுத்திருந்தேன். போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகு நின்றது. இரண்டு வாரத்தில் பிள்ளை உதைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். இந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை.

சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்ததும் பிலோமினா ஓடிவந்து தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லைங்க.

முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

தீபாவளி லீவுக்குக் கட்டாயம் வாருங்கள். வந்ததும் என் வயிற்றைப் பார்க்க வேண்டாம். முதலில் அவளைத் தூக்குங்கள். ஏழு வயசாகிறது, கனமாகத்தான் இருப்பாள். இருந்தாலும் தூக்குங்கள்.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மனைவி,
டோரிஸ்