வார்டுக்கு ஒரு மதராஸி

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

மூன்றாம் ஆண்டு போஸ்டிங் தொடங்கிவிட்டது. முதலில் பெண்கள் மெடிக்கல் வார்டு. விரிப்பின் மூலையை மடிப்பதில்தான் நர்ஸின் ஒழுக்கம் தெரியும் என்றார் எங்கள் ட்யூட்டர் ஷ்யாமளா மேடம். மிகுந்த ஒழுக்கத்தோடு ஒரு கட்டிலின் விரிப்பை மடித்து முடித்தேன். அதில் வந்து படுத்த அம்மாள் உடனே வாந்தி எடுத்தார். மேடம் என்னை முறைத்தார், வாந்தியை நான்தான் ஏற்பாடு செய்தேன் என்பதுபோல.

இதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். தம்பிக்குத் தமிழ் படிக்க வராது. அப்பாவுக்கு லெதர் பட்டறையே உலகம். அம்மாவைப் பொறுத்தவரை நான் எழுதுவது எல்லாமே பரீட்சைக்கு. எங்கள் வீட்டில் இதைவிட நல்ல பூட்டு கிடையாது.

14 ஆகஸ்ட், புதன்

எனக்குப் புதுப் பதவி. டாக்டர் நிகில் — பயிற்சி டாக்டர்தான், நடை மட்டும் டீன் — "ஏ மதராஸி, இதர் ஆ" என்று கூப்பிட்டார். எங்கள் தாராவியிலிருந்து வந்திருந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு ஹிந்தி வராதாம். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் செத்துப்போனால் தன்னிடம் வரக்கூடாது என்று அவரிடம் சொல்லச் சொன்னார். (செத்தபின் எப்படி வருவார்? கேட்கவில்லை.)

"மாத்திரைய விடாம சாப்பிடணும்னு டாக்டர் சொல்லுதாரு" என்றேன்.

"அந்தக் கட்டையில போவானுக்கு என்னட்டி தெரியும்?" என்றார் அந்த அம்மாள்.

"தேங்க்யூ சொல்றாங்க சார்."

இரண்டு பேரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டார்கள். நாடுகளுக்கு நடுவே சண்டை வந்தால் என்னை அனுப்பலாம்.

2 செப்டம்பர், திங்கள்

ஆபரேஷன் தியேட்டர். தொடாதே, சாயாதே, பேசாதே. மூச்சு விட்டுக்கொள்ளலாம், மாஸ்க்குக்குள்.

8 அக்டோபர், செவ்வாய்

லேபர் ரூம். இன்று வந்தது எங்கள் குல்லியில், அதாவது சந்தில், இருக்கும் இசக்கி மதினி. மாரிக்கண்ணன் அண்ணனின் மனைவி. ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். வெளியே மாமியார் முருகம்மாள் பெரியம்மா, பேரனுக்காக எல்லாச் சாமியையும் மிரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதினி வலியில் கத்தியபோது அங்கிருந்த ஆயா, "புருஷன்கிட்டப் போனப்போ இப்படிக் கத்தினியா?" என்று மராத்தியில் கேட்டுச் சிரித்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. சில வார்த்தைகள் எல்லா மொழிக்காரர்களுக்கும் புரிந்துவிடுகின்றன. மதினி அதன்பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டே பெற்றாள்.

வெளியே போய்ச் சொன்னேன். "பொம்பளப் பிள்ள, பெரியம்மா. மூணு கிலோ."

"கிலோவ யாருட்டி கேட்டா?"

9 அக்டோபர், புதன்

மதினியைச் சிகிச்சை அறைக்குக் கூட்டிவரச் சொன்னார் நிகில். மூன்றாவதும் பெண், அடுத்த வருடமும் வந்து நிற்பாள், காப்பர்-டி வைத்துவிடலாம் என்றார். வார்டுக்கு டார்கெட் வேறு இருக்கிறதாம். "உஸ்கோ போல், சஃபாயி ஹை." சுத்தம் பண்ணுவதாக அவளிடம் சொல்ல வேண்டுமாம். அவ்வளவுதான் என் வேலை.

திட்டை நன்றியாக மாற்றுவது வேறு. இது அவ உடம்புல்லா? அவட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா? அஞ்சாறு வருசம் படிச்சவனுக்கு இதுகூடவா தெரியாது?

மதினியின் காதருகே குனிந்தேன். "மதினி, சுத்தம் பண்ணல. கர்ப்பப்பைக்குள்ள காப்பர்-டி வைக்கப் போறாரு. அது இருக்கிற வரைக்கும் பிள்ள நிக்காது. வேணும்னா பெறகு எடுத்துக்கிடலாம். பிடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லுங்க. நான் இருக்கேன்."

'நான் இருக்கேன்.' என்ன வசனம்! மனதுக்குள் பின்னணி இசைகூடக் கேட்டது.

மதினி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "வைக்கச் சொல்லுட்டி. சீக்கிரம். எங்க அத்தைக்கு மட்டும் தெரியாண்டாம். உங்க அண்ணனுக்கும் சொல்லிராத."

காப்பாற்ற வந்தவள் காற்றுப்போன பலூன்மாதிரி நின்றேன்.

வெளியே பெரியம்மா வழிமறித்தார். "உள்ள என்னட்டி செஞ்சாவ?"

"சுத்தம் பண்ணுனாவ, பெரியம்மா."

டாக்டர் சொல்லச் சொன்ன அதே பொய். அவருக்காகச் சொல்ல மாட்டேன் என்று துள்ளியவள், மதினிக்காக முழுசாகச் சொல்லிவிட்டேன்.

11 அக்டோபர், வெள்ளி

எவ்வளவு தமிழில் சொன்னாலும் காப்பர்-டி காப்பர்-டிதானே. நிகில் காதில் விழுந்து, புகார் மேடத்திடம் போய்விட்டது.

மேடம் கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் திட்டினால் கல்லூரி. அவர் பேட்டையான மாட்டுங்காவின் தமிழில் திட்டினால் உரிமை.

"ஏண்டி, நீ நர்ஸிங் படிக்கறியா, வக்கீலுக்குப் படிக்கறியா? அவ சரின்னுதானே சொன்னா? அப்பறம் எதுக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம்?"

"கேட்டதாலதான் மேடம் சரின்னு சொன்னாங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு தண்டனை: லேபர் ரூம் போதும், இந்த மாதம் முடியும்வரை கருவிகளைக் கிருமிநீக்கும் ஸ்டெரிலைசேஷன் பிரிவில், காயத்துக்குக் கட்டும் காஸ் துணி மடிக்க வேண்டும்.

14 அக்டோபர், திங்கள்

மடித்தேன். காஸ் துணி எதிர்த்துப் பேசுவதில்லை. டாக்டர் நிகிலுக்கு ஏற்ற நோயாளி.

22 அக்டோபர், செவ்வாய்

மேடம் இன்று திடீரென்று ஒரு வகுப்பு எடுத்தார். தலைப்பு: நோயாளியின் சம்மதம். எதைச் செய்வதானாலும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லி, கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று போர்டில் எழுதி, கோடும் போட்டார். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. முதல்முறை கேள்விப்படுபவள்போலக் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

20 ஜூலை 2025, ஞாயிறு

தண்ணீர்க் குழாயடியில் முருகம்மாள் பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில ஒம் மவ கூட இருந்தாள்லா? என்னமோ செஞ்சிட்டாவ. மருமவ வயிறு பூட்டுன மாதிரி கெடக்கு. தை பொறக்கட்டும், மாரிக்கண்ணனுக்கு வேற பொண்ணு பாக்கப் போறேன்."

அம்மா குடத்தோடு வந்து கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாது."

சோறு இறங்கவில்லை. நான் வாயை மூடுனதால அவ பொழப்பு போயிருமோ? சொல்லிரலாமா — யார்ட்ட? சொன்னா மட்டும் அவள நிம்மதியா விட்டுருவாவளா? அன்னைக்கு எனக்கு எதுக்கு அந்த வீர வசனம்?

24 ஜூலை, வியாழன்

தாங்க முடியாமல் மதினி வேலை பார்க்கும் பை தைக்கும் பட்டறைக்கே போனேன். மிஷினை நிறுத்தாமல் பேசினாள்.

"வேற பொண்ணா? எவன் குடுப்பான்? இந்தப் பத்துக்குப் பத்துல அவள எங்க படுக்கவைப்பாவளாம், பரண்ல எலி கூடவா?"

"பயமா இருக்கு மதினி. எடுத்துரலாமா?"

மிஷின் நின்றது. "உள்ள இருக்கது எனக்குள்ள இருக்கு வாணி. ஒனக்கு என்னட்டி பயம்? நீ வாயத் தொறக்காம இரு, அது போதும்."

மறுபடியும் மிஷின் ஓடியது. ஆறுதல் சொல்லப்போய் ஏச்சு வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

18 நவம்பர், செவ்வாய்

இப்போது இன்டர்ன்ஷிப். குடும்ப நலப் பிரிவு. கூட்டத்தில் முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு முருகம்மாள் பெரியம்மா நின்றார். பக்கத்தில் அம்பர்நாத்தில் கட்டிக்கொடுத்த அவர் மகள் செல்வி அக்கா. என்னைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு முகம் வெளுத்தது. பிறகு என்ன நினைத்தாரோ, கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"இவளுக்கும் ரெண்டு பொண்ணாச்சு, தாயி. ஒடம்பு தாங்கல. இவ மாமியா பேரன் பேரன்னு உசுர எடுக்கா. அவள்லாம் ஒரு மனுசியா? அந்தக் காப்பர்-டியோ என்னமோ சொல்லுதாவளே, அத இவளுக்கு வச்சு விட்டுரு."

நல்லவேளை, மாஸ்க் போட்டிருந்தேன்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, பெரியம்மா. அக்காட்ட நான் பேசணும்."

"அவட்ட என்ன பேச்சு? அதான் நான் சொல்லுதேன்லா?"

"அவங்கதான் சொல்லணும்."

திரையை இழுத்துவிட்டு, எல்லாவற்றையும் நிதானமாக விளக்கிக் கேட்டேன். செல்வி அக்கா அம்மாவின் நிழல் நகர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, "எனக்கே வேணும்ட்டி. அம்மாட்ட எப்படிக் கேக்கன்னு முழிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது பெரியம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"அம்பர்நாத்துக்குத் தெரிஞ்சிரக் கூடாது, தாயி. நம்ம குல்லியிலயும் மூச்சு விட்டுராத."

"விடமாட்டேன், பெரியம்மா."

"எனக்குத் தெரியாதா! ஒன்னய மாதிரி ரகசியத்தக் காப்பாத்துத பிள்ள தாராவியிலயே கெடையாது."

மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.