ஃபைலோட போகாத தாள்

செவ்வாய்க்கிழமை.

கிராண்ட்பாஸ் பகுதியில தூள் விக்கிற வீட்டை மூன்று மாதமாக் கண்காணிச்சது எங்கட பொலிஸ் ஸ்டேஷன்ல நான். எல்லாத்தையும் போதைப்பொருள் பிரிவுக்குக் குடுக்கச் சொல்லி போன கிழமை மேலிடத்து உத்தரவு. அங்க இருக்கிறவன் என்னோட ட்ரெயினிங் எடுத்த நந்தன். ஃபைலை அவன்ர கையிலதான் குடுத்தனான். இண்டைக்குக் காலையில வீட்டுக்குள்ள பூந்து ரெண்டு பேரைப் பிடிச்சிட்டான்.

பத்திரிகைக்காரருக்காக மேசையில தூள் பக்கெற்றுகளை அடுக்கிப்போட்டு, பின்னால நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிண்டான். “மச்சான், உன்ர போனிலயும் ஒரு படம் எடன்” எண்டான். எடுத்தனான்.

அந்த வீட்டுக்குச் சாமான் கொண்டுவாற வான் வண்டியின்ர நம்பர் எழுதின தாளை மட்டும் நான் ஃபைலில வைக்கேல்ல. இந்த டயறிக்குள்ளதான் கிடக்கு. நந்தன் கேட்டால் குடுப்பன். கேக்கமாட்டான். என்னட்ட இன்னும் ஏதும் இருக்குமெண்டு அவன் நினைக்கவேயில்லை.

அந்தப் பக்கத்து மற்ற வீடுகளுக்கும் குடுக்கிற வான் வியாழக்கிழமை திரும்ப வரும்; நான் அங்க நிப்பன்.