கோடிட்ட இடம்

அன்பு மகளுக்கு,

"பிள்ளைங்க எத்தனை பேரு?" என்று போன மாதம் கண் மருத்துவமனையில் ஒரு பெண் கேட்டாள். அம்மாவுக்குக் கண்புரை எடுப்பதற்கு முன்னால் விவரம் குறித்துக்கொள்ளும் மேசை அது. நான் "ரெண்டு" என்றேன். அதே மூச்சில் அம்மா "ஒண்ணு" என்றாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, "முதல்ல ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க, நான் டீ குடிச்சிட்டு வந்திடறேன்" என்று சிரித்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கோபமாகத்தான் கேட்டேன், எப்படி உனக்கு மனம் வந்தது என்று. ஒரு கண்ணில் கட்டோடு அம்மா சொன்னாள்: "ரெண்டுன்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். மூத்தவரு என்ன பண்றாருன்னு கேப்பாங்க. நீங்க சொல்வீங்களா?"

கண் இப்போது நன்றாகத் தெரிகிறதாம். சுவரில் இவ்வளவு அழுக்கா என்று என்னைத்தான் திட்டுகிறாள். சொட்டு மருந்து நான் போட்டால் கன்னத்தில்தான் விழுகிறது என்று ஒரு புகார் வேறு. மற்றபடி உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதே.

போனில் சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா, வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். அதுவும் எப்போதாவது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

ஒரு சேதி. நான் மறுபடியும் வலைப்பூவில் எழுதலாம் என்றிருக்கிறேன். பால் ஏன் பொங்குகிறது, மைக்கறை எப்படிப் போகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அதே வலைப்பூதான். உன் அண்ணன் போனபிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. சென்ற வாரம் திறந்தேன். ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சார், துருவைப் பற்றி எழுதறேன்னு சொன்னீங்க. உயிரோடதான் இருக்கீங்களா?" வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு வெளியிடாமல் கிடந்த பதிவுகளைத் திறந்து பார்த்தேன். துருவைப் பற்றி எழுதி முடித்தும் இருந்தேன். மேலே "படம் வரும்" என்று மட்டும் போட்டிருந்தது. அந்தப் படத்துக்காகத்தான் வெளியிடாமல் வைத்திருந்தேன்.

பல வருடம் கழித்து வருபவன் மறுபடி தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் அல்லவா? பழைய 'என்னைப் பற்றி' பக்கம் உனக்கு நினைவிருக்கும். "வேதியியல் ஆசிரியர், ஓய்வு. படம் போடுவது மகன். தப்பு கண்டுபிடிப்பது மகள்." குடுவைக்கெல்லாம் மீசை வரைந்து வைப்பான் அவன். ஊரே பார்க்கும்படி "சார், மூன்றாவது பத்தியில் உளறியிருக்கிறீர்கள்" என்று கீழே எழுதுவாய் நீ. அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை அழித்து எழுதிப் பார்த்துவிட்டேன். 'ஆசிரியர்' வரைக்கும் சுலபமாக வருகிறது. அதற்கு மேல் விரல் நகரவில்லை.

இப்போது நீ தப்பு செய்திருக்கும் ஓர் இடத்தை நான் காட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் குடுவைக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வெகுநேரம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு சொட்டு விழும், குடுவை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். விட்ட பிள்ளை பயந்துபோய், "சார், என் சொட்டுதான் சார் கெடுத்திடுச்சு" என்பான். அப்படியானால் இதுவரை விழுந்ததெல்லாம் எங்கேயடா போயிற்று என்று கேட்பேன்.

அன்று வேலைக்கு வேண்டுமென்று உன் சான்றிதழ்களை உடனே அனுப்பச் சொல்லிக் கேட்டாய். அண்ணன் கிளம்பினான். "மழை விடட்டும், நாளைக்குப் போயேன்டா" என்றாள் அம்மா. "அவ அவசரம்னு சொல்றாம்மா, கூரியர்காரன் கடையை மூடிடுவான்" என்று ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டே போனான். தலையில் போடவில்லை. சாலையில் குழி தோண்டியவர்கள் அதை மூடவில்லை. தண்ணீர் நிறைந்து அது சாலை மாதிரியே இருந்ததாம். தெருவிளக்கும் எரியவில்லை. நீ கேட்டது இதில் சேரவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு சொட்டு. ஆனால் நீ குடுவை முழுவதையும் உன் கணக்கில் எழுதிக்கொண்டாய்.

காரியம் முடிந்த அன்று "நான் கேட்டதாலதானேம்மா" என்று அம்மாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாய். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு நீ வரவே இல்லை. சான்றிதழ்களைப் பிறகு நான்தான் அனுப்பினேன். பிளாஸ்டிக் உறையில் அண்ணன் நன்றாகச் சுற்றியிருந்தான், ஒரு துளி நனையவில்லை. அந்த உறையை நீ இன்னும் பிரிக்கவில்லை, அதைக் கேட்டிருந்த வேலைக்கும் போகவில்லை என்று உன் தோழி சொல்லித்தான் தெரிந்தது. அவளைத் திட்டாதே.

நேற்று அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அறிமுகத்தை என்ன எழுதட்டும், நீயே சொல் என்றேன். புதுக் கண்ணால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு ஒண்ணுன்னு சொன்னேன். அந்த ஒண்ணும் போனை எடுக்க மாட்டேங்குதே. என்னத்தச் சொல்ல?"

எழுந்து சமையலறைக்குப் போனவள் வாசலில் நின்று, "அவளையே கேளுங்க" என்றாள்.

அதனால் எண் வரவேண்டிய இடத்தில் பரீட்சைத் தாளில் விடுவது போல ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன். "எனக்கு ______ பிள்ளைகள்" என்று இருக்கும். பக்கத்தை இன்னும் வெளியிடவில்லை. துருவும் படமில்லாமல் அப்படியே காத்திருக்கிறது. கடவுச்சொல்லை நான் மாற்றவில்லை, அண்ணன் வைத்ததுதான். உனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும். சாப்பிடாமல் தூங்காதே. அம்மா கதவைத் தாழ் போடுவதற்கு முன்னால் இன்னும் ஒருமுறை தெருவைப் பார்க்கிறாள்.

உள்ளே போய், கோடிட்ட இடத்தை நிரப்பு.

உன்னை எந்நாளும் வாழ்த்தும்,
அப்பா