எனக்கென்று நிரப்பிய வயல்

2023 ஜூன் 5
சுற்றாடல் தினம். நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பேச வந்தவர் வேறு யாருமில்லை, எனக்குக் கலியாணம் பேசி வைத்திருக்கும் நளீர். சுற்றாடல் உத்தியோகத்தர். "வயல் எண்டது மழைத் தண்ணியத் தாங்குற பாத்திரம், பிள்ளைகள்" என்று ஒரு மணித்தியாலம் உருகினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும்தான்.

ஜூன் 11
நளீரின் உம்மா வட்டிலப்பத்தை முடித்துவிட்டுக் கேட்டார்: "வீடு எங்க கட்டுறதா யோசன?" இங்கே பெண்ணைக் கொடுப்பதென்றால் வீட்டோடு கொடுக்க வேண்டும். எங்களிடம் இருப்பது நற்பிட்டிமுனை வயல் மட்டும். "ஊருக்குள்ள மையத்தை அடக்குற கபுறுக்கே இடம் நெருக்கம். வயலத்தான் நிரப்பணும்" என்றார் வாப்பா. கூட வந்த நளீர் குனிந்து தேநீர் குடித்தார். பாத்திரம் நினைவுக்கு வரவில்லை போலும்.

ஜூலை 4
இந்தப் போகம் விதைக்காமல் விட்ட எங்கள் வயலில் டிப்பர் லொறி கிறவல் மண் கொட்டியது. பக்கத்து வயல்காரர் பாக்கியராசா அண்ணன் வரம்பில் நின்றார். "டீச்சர், மாரிக்கு என்ட வயல் தண்ணி உங்கட வடிச்சல் வாய்க்காலாலதானே ஓடுற? அத மூடினா எங்கால போகும்?"

நளீருக்குப் போன் எடுத்தேன். "வயல் நிரப்புற எண்டா அது விவசாய ஒபீஸ்ட விசயம், ஹிமாயா. நாங்க கை வெக்க ஏலா." அந்த விவசாய ஒபீசுக்கும் போனேன். "வெள்ளமெண்டா அது சுற்றாடல்காரர்ட வேல." மண்ணுக்கு ஒரு சட்டம், தண்ணீருக்கு ஒரு சட்டம், ஆளுக்கொரு சுழல் கதிரை. வயலில் இரண்டும் ஒன்றாகத்தானே கிடக்கின்றன? தூ.

ஜூலை 5
அனுமதி எடுத்தீர்களா என்று வாப்பாவிடம் கேட்டேன். "மருமகன் எல்லாம் பாத்துக்குவாராம்." — ஓஹோ! வீடு என்ட பேருக்காம். வெள்ளமும் என்ட பேருக்கா?

ஜூலை 8
முறைப்பாடு எழுதினேன். ஒருவர் மற்றவரைக் காட்டி ஒளிய முடியாதபடி, ஒரே தாளில் இரண்டு அலுவலகத்துக்கும். அனுமதியின்றி வயல் நிரப்புபவர்: என் வாப்பா. கீழே என் கையெழுத்து.

ஜூலை 19
இரண்டு அலுவலகத்தாரும் ஒரே ஜீப்பில் வந்து வேலையை நிறுத்தினார்கள். கிறவலை அள்ள வேண்டுமாம். நளீர் வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார்கள். "சொந்த வாப்பாவையே காட்டிக் குடுத்தவள்." வாப்பா என்னோடு கதைப்பதில்லை.

நவம்பர் 28
விடாத மழை. கிறவலை அள்ளிய வடிச்சலில் தண்ணீர் நிறைய ஓடுகிறது. பாக்கியராசா அண்ணனின் பயிர் மூழ்காமல் நிற்கிறது. வாப்பா குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

டிசம்பர் 22
நளீரின் கலியாணம். பெண் வீட்டார் கொடுத்த புது வீடு, ஒலுவில் பக்கம், நிரப்பிய வயலின் மேல். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மாங்கன்று, அட்டையில் "இயற்கையைப் பேணுவோம்." போய் வந்த எங்கள் பாடசாலை முஸ்பிறா டீச்சர் எனக்கும் ஒன்று கொண்டுவந்தார். நளீர் வெட்கமே இல்லாத மனிதர்.

வாப்பா கன்றை வாங்கி, அட்டையை இரண்டு தரம் வாசித்தார்.

"இத எந்த வயல மூடி நடச் சொல்றார், மகள்?"

ஜூலைக்குப் பிறகு அவர் என்னை மகள் என்றது இன்றுதான். அழுதுவிட்டேன்.