ஒரு வருஷப் படிப்பும் நர்ஸ் என்கிற பேரும்

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் தயவால் ஒரகடத்தில் நாங்கள் மூவரும் சுகம். ஐதராபாத் ஆஸ்பத்திரி வேலையில் நீயும் சுகம் என்கிறாய், அதை முழுசாக நம்ப முடியாமல்தான் எழுதுகிறேன். போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுவாய்.

போன வாரம் இருங்காட்டுக்கோட்டை டிரெயினிங் சென்டரிலிருந்து ஸ்ரீதர் என்று ஒருவர் உன் தங்கை இசைவாணியைச் சேர்க்கச் சொல்லி வீட்டுக்கே வந்தார். "ஒரே வருஷம்தாம்மா, சர்டிபிகேட் வாங்கிட்டா உங்க பொண்ணு நர்ஸு, சென்டர் பஸ்ஸே வூட்டாண்ட வந்து இட்டுக்கினு போவும்" என்றார். எந்த ஆஸ்பத்திரியில் பழக்குவீர்கள் என்று கேட்டேன், பெரிய ஆஸ்பத்திரி என்றார், பேர் வரவில்லை. எனக்கு அப்போதே உறுத்தியது. மூத்தவள் படித்ததும் ஒரு வருஷம்தானே, இவளும் படிக்கட்டும் என்றார் அப்பா. மறுநாள் நானும் இசைவாணியும் வாலாஜாபாத் போய், ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருக்கும் நம் சர்ச் ராஜம்மாவைக் கேட்டோம். "அது அசிஸ்டென்ட் படிப்பும்மா, பேஷண்ட்டைத் தொடச்சு வுடலாம், பெட்ஷீட் மாத்தலாம், மருந்து பொறுப்பு குடுக்க மாட்டாங்க. நர்ஸுன்னு பதிவு பண்ணணும்னா டிப்ளமோவோ டிகிரியோ வேணும்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் இசைவாணி, "அப்ப அக்கா இன்னாம்மா?" என்றாள்.

அதிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். யூனிஃபார்மில் ஒரு போட்டோகூட நீ அனுப்பியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பாவுக்குச் சுகர் ஊசி போடச் சொன்னால் கை சுளுக்கு என்றாய், சாயங்காலமே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினாய். இந்த சென்டர் நோட்டீஸைத் தங்கை அனுப்பியதும், "நாலு வருஷம் ஆனாலும் டிகிரியே படிடி, இதுல சேந்தே, கால ஒடச்சிருவேன்" என்று கத்தினாயாம். நீ நர்ஸாக இருந்தால் இதிலுள்ள கஷ்டம் உனக்கு எப்படித் தெரியும்?

ஸ்ரீதரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இசைவாணி பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பித்துவிட்டாள். நீ கத்தியதுதான் அவளைக் காப்பாற்றியது, அதனால் உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜம்மாவைத் தனியாகப் பிடித்து, யாருக்கு என்று சொல்லாமல், அசிஸ்டென்டாக இருக்கிற பெண் இனிமேல் டிப்ளமோ சேரலாமா என்று கேட்டேன். "பிளஸ் டூ சயின்ஸ் படிச்சவதானே, வரச் சொல்லு" என்றார். வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அப்பா இன்னும் என் மகள் நர்ஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் நான் வாய் திறக்கவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வா, எங்களுக்கு நீ எங்கள் பிரவீனாதான்.

கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. இதற்குப் போன் பண்ணாதே, பதில் எழுது. பொய்யை எழுத உனக்குக் கை வராது.

உன் அம்மா,
மெர்சி ஜெபகுமார்