பாடம் முடியும் வரை

எம். புதுப்பட்டி,
ஐப்பசி, மழை நாள்.

அன்புள்ள தம்பி கதிரவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் சும்மா இருந்துவிடுகிறோம். அதனால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை யோசித்தேன். ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு ஊருக்கு வருவதாகச் சொன்னாய். சிவகாசியில் உன்னோடு படித்த சரவணக்குமாரின் அச்சகத்தில் வேலை பேசியாகிவிட்டது என்றாய். இந்த நாட்டில் பள்ளிக்கூடங்கள் வந்த கதையை டெல்லியில் உட்கார்ந்து எழுதுகிறேனே, அம்மா வெடி விபத்தில் செத்துப்போனாளே, இனி யாருக்காக எழுதுவது என்று கேட்டாய்.

அம்மா இருந்தபோது, மே மாதம், நம் ஊர்ப் பள்ளியைப் பற்றிச் சில கேள்விகள் அனுப்பியிருந்தாய். முதலில் அவற்றுக்கு எழுதுகிறேன்.

எந்த வருடம் தொடங்கியது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முதலில் ஓட்டுக் கட்டடம். அதற்குப் பிள்ளைகளை வரவைத்தது மதியச் சோறு. அம்மா சொல்வாள்: “சோறு போடுறாகன்னுதான் போனோம். போன எடத்துல எழுத்தையும் சேத்துப் போட்டுட்டாக.”

அப்புறம் தீப்பெட்டிக் கம்பெனி வண்டி வந்தது. விடியுமுன் ஹாரன். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். அம்மா மூன்றாம் வகுப்போடு அதில் ஏறினாள். குச்சி அடுக்கினாள். பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வந்து, வண்டி நின்றபோது அவள் பிள்ளையாக இல்லை. பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். நாம் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வண்டி வந்து நின்ற தெருமுக்கில் இப்போது இங்கிலீஷ் மீடியம் வேன் நிற்கிறது. நம் பள்ளியில் வகுப்புக்கு நாலைந்து பேர். காலையில் வேன் ஹாரன் அடித்தால் அம்மா பாயில் எழுந்து உட்காருவாள். பழக்கம். போன வாரம் நான் எழுந்து உட்கார்ந்தேன்.

உன் கேள்விகளில் இல்லாத ஒன்று. இங்கே ஒரு வழக்கம் உண்டு. எந்த அரசாணையிலும் கிடையாது. பட்டாசுக் கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் வகுப்புக் கதவைச் சாத்திவிட வேண்டும். பெரியவர்கள் யாராவது வரும்வரை பிள்ளைகளை விடக் கூடாது. முன்பு ஒரு தடவை சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அம்மாவைத் தேடிப் புகையைப் பார்த்து ஓடினார்கள். அங்கே இரண்டாவது ஷெட் வெடித்தது. அதிலிருந்து வந்த வழக்கம். கதவைச் சாத்தி, பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வோம்.

ஆடி மாதம் அந்தச் செவ்வாய்க்கிழமை, நாலாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீரைப் பற்றிய பாடம். மேற்கே சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிள்ளைகளுக்கு அம்மா வேலை செய்யும் திசை தெரியும். எங்க அம்மா கிழக்க, எங்க அம்மா நாரணாபுரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டன. நான் கதவைச் சாத்தினேன். மாரிசெல்வி என்னையே பார்த்தாள்.

“டீச்சர், ஒங்க அம்மா மேக்கதான?”

வாசி என்றேன். வாசித்தாள். ஆறு, குளம், கிணறு. கேள்வி பதிலும் எழுதிப் போட்டேன். தலைமை ஆசிரியை யோகேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். கடைசி விடையையும் எழுதி முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீ வந்து பார்த்ததுதான்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. சோறு பொங்குகிறேன், பள்ளிக்குப் போகிறேன். கூரையில் ஒழுகிய இடத்தைக் கொத்தனார் பூசிவிட்டார்.

இந்த மாதமும் ஒரு தடவை சத்தம் கேட்டது. தூரத்தில். கையில் சாக்கட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாரிசெல்வி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து, “நீங்க உக்காருங்க டீச்சர். நாங்க வாசிக்கோம்” என்றாள். வாசித்தார்கள். உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் சித்தி நேற்று குழம்பு கொண்டுவந்தாள். ஒருநாள் அம்மாவிடம், “ஏடி பொன்னுத்தங்கம், ஒம் மவன் டாக்டராயி வந்தா எம் மூட்டுவலிக்கு ஊசி போடுவானா?” என்று கேட்டாளாம். அம்மா சொன்னாளாம்: “அவன் பள்ளிக்கூடத்துக்கு வைத்தியம் பாக்கப் போறவன். ஒம் மூட்டு எந்த வகுப்புடி படிக்குது?” சித்தி சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

நீ படிப்பை முடித்ததும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வருவதாக அம்மா நேர்ந்திருந்தாளாம். சித்தி சொல்லித்தான் தெரியும். அவளுக்குப் பதிலாக நான் நடக்கிறேன். நீ முடிக்காமல் நான் எப்படி நடப்பது?

சரவணக்குமாரிடம் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. எனக்குத் துணைக்காக வர வேண்டாம். இருக்கன்குடி மாரி உனக்குத் துணையிருப்பாள். குளிர் தொடங்கியிருக்கும், காதைக் கட்டிக்கொள்.

இங்கே கதவைச் சாத்தியிருக்கிறேன் தம்பி. நீ வாசி. முடித்துவிட்டு வா.

உன் அக்கா,
இசைவாணி